கட்சி மாறியவர்களும் கண்டிக்காரர் வீடும்

போன வாரம் காலை நடை முடித்து பாலக்கரை பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். வழக்கமான நாலு பேர்தான், எல்லாரும் பென்ஷன்காரர்கள். பேச்சு கட்சி மாறுகிறவர்களைப் பற்றிப் போயிற்று. "நேற்று வரை அந்தக் கட்சியைத் திட்டினவன், இன்றைக்கு அதே கட்சித் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறான், வெட்கமே இல்லை" என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். இன்னொருவர் குடியுரிமைச் சட்டத்தை இழுத்தார். யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று பேச்சு சூடானது. நான் வாயைத் திறக்கவில்லை. என்னிடம் சொல்ல ஒரு கதை இருந்தது. டீக்கடை பெஞ்சில் சொல்லி முடிகிற கதை இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கட்சி மாறுவதும், யார் எந்த நாட்டுக்காரர் என்று தீர்மானிப்பதும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்ட கதை இது. நடந்தது இலங்கையில். ஆனால் அதில் அடிபட்டவர்கள் நம் ஜில்லாக்காரர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்.

கண்டிச் சீமை

நம் பக்கத்துப் பழைய ஊர்களில் "கண்டிக்காரர் வீடு" என்று ஒரு வீடாவது இருக்கும். என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். எங்கள் அப்பாயியின் பெரியப்பா ஒருவர் கண்டிச் சீமைக்குப் போனவர்தான், திரும்பவே இல்லை. அப்பாயி அவரைப் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் ஆடி பதினெட்டுக்குப் படையல் போடும்போது அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லும்.

பெரம்பலூர், அரியலூர் எல்லாம் அப்போது திருச்சி ஜில்லாவைச் சேர்ந்தவை. வானம் பார்த்த பூமி. சோளமும் வரகும் விளைந்தால் உண்டு. 1876ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து ஏழை சனங்கள், அதிலும் பெரும்பாலும் நிலமில்லாதவர்கள், கங்காணிமார் பின்னால் போனார்கள். முன்பணத்தைக் கையில் கொடுத்து ஆளைக் கூட்டிப் போவார் கங்காணி. அந்தக் கடன் "துண்டு" என்ற சீட்டில் ஏறும். கடன் தீராமல் தோட்டத்தை விட்டு நகர முடியாது. முதலில் காப்பித் தோட்டம். காப்பிச் செடி நோயில் அழிந்த பிறகு தேயிலை. ரயிலும் கப்பலும் ஒழுங்காக வருவதற்கு முன்னால் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கில்லை.

இப்படிப் போனவர்கள் லயங்களில் குடியிருந்து, காலையில் பெரட்டுக்கு நின்று, கொழுந்து கிள்ளி மூன்று நான்கு தலைமுறை ஓட்டினார்கள். 1946 கணக்குப்படி இலங்கையில் இந்திய வம்சாவளித் தமிழர்கள் ஏழே முக்கால் லட்சத்துக்கும் மேல்.

ஓட்டு போட்டதுதான் குற்றம்

1947ல் இலங்கையில் பொதுத்தேர்தல். தோட்டத் தொழிலாளர்களும் ஓட்டு போட்டார்கள். இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் நின்ற சௌமியமூர்த்தி தொண்டமான் போன்றவர்கள் மலைநாட்டிலிருந்து நாடாளுமன்றம் போனார்கள். மற்றச் சில தொகுதிகளில் தோட்டத்து ஓட்டு இடதுசாரிகளுக்கு விழுந்தது. டி.எஸ். சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 95 இடங்களில் 42 தான். பெரும்பான்மை இல்லை.

அடுத்த வருஷம் சுதந்திரம் வந்தது. வந்த கையோடு குடியுரிமைச் சட்டம், 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் சட்டம். இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. அப்பன் அங்கே பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்றது சட்டம். லயத்துக் கூலிக்காரனிடம் பாட்டன் பிறந்த சர்ட்டிபிகேட்டுக்கு எங்கே போவது? நம்மிடமே, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நம்மிடமே, பாட்டன் பிறந்த தேதிக்கு ஒரு காகிதம் கேட்டால் எத்தனை பேர் காட்டுவோம்?

1948 ஆகஸ்டில் அந்த மசோதா 53க்கு 35 என்ற கணக்கில் நிறைவேறியது. இடதுசாரிகள் எதிர்த்தார்கள். யாழ்ப்பாணத்தின் பெரிய வக்கீலும் தமிழ்க் காங்கிரஸ் தலைவருமான ஜி.ஜி. பொன்னம்பலமும் எதிர்த்தார். வர்த்தக அமைச்சராக இருந்த வவுனியா சுந்தரலிங்கம் அரசோடு சேர்ந்து ஆதரித்து ஓட்டு போட்டார்.

இதற்கு அப்புறம் நடந்ததைத்தான் நம் தலைமையாசிரியர் நண்பர் கேட்க வேண்டும்.

எதிர்த்து ஓட்டு போட்ட சில வாரங்களிலேயே பொன்னம்பலம் தம் கட்சியோடு அரசாங்கத்தில் சேர்ந்து மந்திரியானார். தொழில், மீன்பிடி இலாகா. அந்த டிசம்பரில் இரண்டாவது மசோதா வந்தது: இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் எத்தனை வருஷம் குடியிருந்தால் விண்ணப்பிக்கலாம், என்னென்ன காட்ட வேண்டும் என்பதற்கான சட்டம். பொன்னம்பலம் ஆதரித்தார். முதல் மசோதாவை ஆதரித்த சுந்தரலிங்கமோ இந்த முறை மனம் கேட்காமல் மந்திரி பதவியை விட்டு வெளியே வந்தார். ஆக, ஆகஸ்டில் எதிர்த்தவர் டிசம்பரில் உள்ளே, ஆகஸ்டில் ஆதரித்தவர் டிசம்பரில் வெளியே. நாலே மாதம்!

தமிழ்க் காங்கிரசுக்குள்ளேயே ஒரு பகுதி பொன்னம்பலத்தோடு போகவில்லை. எஸ்.ஜே.வி. செல்வநாயகம், வன்னியசிங்கம், டாக்டர் நாகநாதன் ஆகியோர் பிரிந்தார்கள். இன்றைக்கு மலையகத்தாரின் உரிமையைப் பறிப்பவர்கள் நாளைக்கு மொழியில் கை வைப்பார்கள், அப்போது நம் முறை வரும் என்பதுதான் செல்வநாயகத்தின் வாதம். 1949 டிசம்பர் 18ஆம் தேதி கொழும்பு மருதானையில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். அதே 1949ல் தேர்தல் சட்டத்தையும் திருத்தினார்கள். குடியுரிமை இல்லாதவருக்கு ஓட்டு இல்லை. 1952 தேர்தலில் மலையகத்திலிருந்து ஓர் இந்தியத் தமிழர்கூட நாடாளுமன்றம் போகவில்லை.

பொன்னம்பலத்தின் பக்கமும் கேட்போம்

ஒருவரைத் துரோகி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவர் பக்கத்தையும் கேட்க வேண்டும். எதிர்க்கட்சியில் உட்கார்ந்து கத்துவதால் தமிழர்களுக்கு என்ன கிடைக்கும், உள்ளே போனால் நாலு காரியமாவது நடக்குமே என்பது அவர் எண்ணம். சில காரியங்கள் நடக்கவும் செய்தன. காங்கேசன்துறை சிமெண்ட் தொழிற்சாலை அவர் காலத்தில் எழுந்தது. சிமெண்ட் ஆலை வந்தால் ஓர் ஊர் எப்படி மாறும் என்று அரியலூர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வேலை, கடை, லாரி, வாடகை எல்லாம் வரும். தூசியும் வரும்.

மக்களும் உடனே அவரைத் தண்டிக்கவில்லை. 1952 தேர்தலில் தோற்றது செல்வநாயகம்தான், அதுவும் அதே காங்கேசன்துறைத் தொகுதியில். 1953ல் கொத்தலாவலை பிரதமரானபோது பொன்னம்பலத்தின் மந்திரி பதவி போயிற்று. 1956ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. அந்த வருஷத் தேர்தலில் தமிழரசுக் கட்சிக்குப் பத்து இடம், தமிழ்க் காங்கிரசில் பொன்னம்பலம் ஒருவர் மட்டும். மக்கள் கணக்குப் பார்த்து முடிக்க எட்டு வருஷம் ஆயிற்று. அந்தக் கணக்கில் மலையகத்தாரின் ஓட்டு ஒன்றுகூட இல்லை. அவர்களிடம்தான் ஓட்டே இல்லையே.

இரண்டாவது சட்டத்தின்படி எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. பல வருஷம் இழுத்தடித்துக் கடைசியில் சுமார் 1,34,000 பேருக்குத்தான் குடியுரிமை கொடுத்தார்கள். மற்றவர்கள் நாடற்றவர்கள். இலங்கை, "நீ இந்தியாக்காரன்" என்றது. நேரு, "பிறந்து வளர்ந்து உழைத்த நாடுதான் அவர்கள் நாடு" என்றார். நடுவில் சனங்கள்.

அரியலூரும் சாஸ்திரியும்

1956 நவம்பர் 23 விடியற்காலை. எனக்கு அப்போது ஆறு வயது. மழையில் மருதையாறு கரைபுரண்டு ஓடியது. அரியலூருக்குப் பக்கத்தில் பாலம் இடிந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அப்பா சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்வார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். அதற்குச் சில மாதம் முன்னால் மகபூப்நகரில் நடந்த விபத்துக்கே ராஜினாமா கொடுத்தவர் அவர். அப்போது நேரு ஏற்கவில்லை, அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார். பதவியை விட்டுப்போவதற்கு இன்றைக்கும் இந்தியா முழுக்க உதாரணம் காட்டுவது நம் அரியலூரைத்தான்.

அதே சாஸ்திரி 1964ல் பிரதமரானார். நேரு பத்து வருஷத்துக்கு மேல் விட்டுக்கொடுக்காத விஷயத்தில் இவர் இறங்கி வந்தார். 1964 அக்டோபர் 30ஆம் தேதி டெல்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்காவோடு ஒப்பந்தம். நாடற்றவர்கள் மொத்தம் 9,75,000. அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேர் பற்றி அப்புறம் பேசலாம். அந்த மீதியை 1974ல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். களத்துமேட்டில் நெல் மூட்டை பிரிக்கிற மாதிரி. நெல்லைக் கேட்டா மூட்டை பிரிக்கிறோம்? தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் இந்த ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. யாரும் மலையகத்தாரைக் கேட்கவில்லை.

இங்கேயும் இடம் மாறியவர்கள் உண்டு. 1948ல் அந்தச் சட்டத்தை எதிர்த்து முழங்கிய லங்கா சமசமாஜக் கட்சி, 1964 ஜூனில் சிறிமாவோ அரசில் சேர்ந்துகொண்டது. என்.எம். பெரேரா நிதி மந்திரி. ஒப்பந்தம் கையெழுத்தானபோது அவர்கள் ஆளும் பெஞ்சில் இருந்தார்கள்.

அதே அரசு டிசம்பர் 3ஆம் தேதி கவிழ்ந்தது. காரணம் பத்திரிகைகளைக் கையகப்படுத்தும் மசோதா. ஆளும் கட்சியின் மூத்த மந்திரி சி.பி. டி சில்வா பதின்மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார். 74க்கு 73. ஒரே ஓட்டில் அரசு போனது. பத்திரிகைக்காகப் பதினாலு பேர் எழுந்து போனார்கள். அதற்கு ஐந்து வாரம் முன்னால் ஐந்தேகால் லட்சம் பேரைப் பெயர்த்து அனுப்ப ஒப்புக்கொண்டதற்காக அரசைக் கவிழ்க்க எழுந்தவர் ஒருவரும் இல்லை. அரசு மாறியது, ஒப்பந்தம் மாறவில்லை. அடுத்து வந்த டட்லி சேனநாயக்கா அரசு 1967ல் அதை நிறைவேற்றச் சட்டம் போட்டது.

கணக்கப்பிள்ளை ஐயா

1972ல் நான் வருவாய்த் துறையில் எழுத்தராகச் சேர்ந்தேன். அந்த நாளில் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ராமானுஜம் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. வருகிறவர்களை மண்டபம் முகாமில் இறக்கி, குடும்ப அட்டை கொடுத்து, தொழில் கடனோ தோட்ட வேலையோ எழுதி, ஜில்லா ஜில்லாவாக அனுப்புவார்கள். நீலகிரியில் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் 1968ல் இவர்களுக்காகத் தொடங்கியதுதான். ரெப்கோ வங்கிக்குப் பெயரே தாயகம் திரும்பியவர்களை வைத்து வந்தது. இலங்கையில் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டதும், 1973-74ல் லயங்களில் வந்த பட்டினியும் சேர்ந்து இன்னும் நிறையப் பேரைக் கப்பல் ஏற்றின. 1984ல் கப்பல் நிற்கும் வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்திருப்பார்கள்.

நான் வேலை பார்த்த ஒரு தாலுகா அலுவலகத்துக்கும் அப்படிச் சில குடும்பங்கள் வந்தன. 1974 என்று நினைவு. ஐம்பது வயதுக்கு மேல் ஓர் அம்மா, மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், ஒரு தகரப் பெட்டி. படிவத்தில் "சொந்த ஊர்" என்று ஒரு கலம். கேட்டேன். அந்த அம்மா தோட்டத்தின் பெயரைச் சொன்னது, ஏதோ இங்கிலீஷ் பெயர்.

"அது இல்லம்மா, இந்தியாவுல எந்த ஊரு?"

"பெரம்பலூருப் பக்கம்னு எங்கய்யா சொல்லுவாருங்க, கணக்கப்பிள்ளை ஐயா. ஊரு பேரு தெரியாதுங்க."

பேரேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் நான் அந்த அம்மாவுக்குக் கணக்கப்பிள்ளை. கலத்தைக் காலியாக விட்டால் பைல் திரும்பி வந்துவிடும் என்று மேலே இருந்தவர் சொன்னார். எனக்குத் தெரிந்த ஒரு கிராமத்தின் பெயரை எழுதினேன். அந்தக் குடும்பத்தின் சொந்த ஊரை இருபத்து நாலு வயதுப் பையன் ஒருவன் பேனா முனையில் தீர்மானித்தான். அந்தக் கிராமத்தில் அவர்களுக்கு ஓர் உறவும் இல்லை. ஊர்க்காரர்கள் அவர்களைச் சிலோன்காரர்கள் என்றார்கள். அங்கே இருந்தவரை இந்தியாக்காரர்கள், இங்கே வந்தால் சிலோன்காரர்கள். அந்த அம்மாவின் தம்பிக்கு இலங்கைப் பக்கம் குடியுரிமை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டார். அக்காவும் தம்பியும் அப்புறம் பார்த்துக்கொள்ளவே இல்லை.

அவசரத்தில் செய்த வேலைதான். விதிப்படி தப்பும் இல்லை. ஆனாலும் இந்த வயதில் அந்தக் கலம் நினைவுக்கு வரும்போதெல்லாம் மனசு உறுத்துகிறது.

அதே வேலையைத் தொண்டமானும் செய்தார்

இனி கதையின் அடுத்த பக்கம். 1972ல் தமிழ்க் கட்சிகள் கூட்டணி அமைத்தபோது செல்வநாயகம், பொன்னம்பலம், தொண்டமான் மூவரும் அதன் தலைவர்கள். பழைய விரோதிகள் இருவரும் ஒரே மேடையில். நடுவில், யாருடைய ஓட்டுரிமைக்காக அவர்கள் பிரிந்தார்களோ அந்த மக்களின் தலைவர்.

1977ல் நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியில் வென்ற தொண்டமான், 1978ல் ஜே.ஆர். ஜெயவர்தனாவின் அரசில் மந்திரியானார். எந்தக் கட்சி? 1948ல் குடியுரிமையைப் பறித்த அதே ஐக்கிய தேசியக் கட்சி! வடக்கே இருந்து அவரைக் கடுமையாகத் திட்டினார்கள். பொன்னம்பலம் செய்ததைத்தானே இவரும் செய்தார் என்றார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான்.

ஆனால் பலனைப் பாருங்கள். உள்ளே இருந்துகொண்டே அவர் நெருக்கினார். 1986 ஜனவரியில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைக்குப் போகாமல் பிரார்த்தனைப் போராட்டம் நடத்தினார்கள். அந்த வருஷமே சட்டம் வந்தது. இந்தியா எடுத்துக்கொள்ளாமல் விட்ட 94,000 பேருக்கும் இலங்கைக் குடியுரிமை என்று ஒப்புக்கொண்டார்கள். 1988ல் ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னால் இன்னொரு சட்டம். மிச்சம் இருந்தவர்களுக்கு 2003ல் கடைசிச் சட்டம். அது வந்தபோது தொண்டமான் உயிரோடு இல்லை. 1948ல் அடைத்த கதவு முழுசாகத் திறக்க 55 வருஷம் ஆயிற்று.

அதனால்தான் டீக்கடையில் நான் வாயைத் திறக்கவில்லை. "கட்சி மாறினானா" என்பது பாதிக் கேள்விதான். "மாறியபின் ஓட்டில்லாதவனுக்கு என்ன ஆயிற்று" என்பது மீதிப் பாதி. பொன்னம்பலம் உள்ளே போனபோது கதவு அடைபட்டது, கையில் வந்தது ஆலை. தொண்டமான் உள்ளே போனபின் கதவு திறந்தது. இருவருக்கும் நாற்காலி கிடைத்தது, அதை நான் மறைக்கவில்லை.

நம் வீட்டுக் கணக்கு

நம் ஊரில் 1985ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. தனி ஆள் தாவினால் பதவி போகும். ஆனால் கட்சியே தன் நிலையை மாற்றிக்கொண்டால் எந்தச் சட்டமும் கேட்காது. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் ராஜ்யசபையில் 125க்கு 105 என்று நிறைவேறியது. அ.தி.மு.க. ஆதரித்தது. அந்தக் கட்சியின் ஓட்டுகள் மறுபக்கம் விழுந்திருந்தால் கணக்கே வேறு. 2021 தேர்தல் அறிக்கையில் அதே கட்சி, அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற வலியுறுத்துவோம் என்றது. தி.மு.க. அந்தச் சட்டத்தை எதிர்த்தது, 2021 செப்டம்பரில் சட்டசபையில் தீர்மானமும் போட்டது. ஆனால் 2004 முதல் 2013 வரை மத்திய அரசில் அங்கமாக இருந்த காலத்தில் முகாம்களில் உள்ளவர்களுக்குக் குடியுரிமை வாங்கித் தரவில்லை. நம் பெரம்பலூர்த் தொகுதியிலேயே 2019ல் உதயசூரியனில் வென்ற பாரிவேந்தர் 2024ல் பா.ஜ.க. கூட்டணியில் நின்றார், தோற்றார். எல்லாப் பக்கமும் கணக்கு உண்டு.

அந்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்று மூன்று நாடுகளைச் சொல்கிறது. இலங்கை அதில் இல்லை. துறைமங்கலம் முகாம் நம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அங்கே பிறந்த பிள்ளைகள் நம் பள்ளிக்கூடங்களில் படித்து, நம்மைப் போலவே பேசுகிறார்கள். 2021ல் முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாநில அரசு மாற்றியது, 317 கோடி ரூபாய்த் திட்டமும் அறிவித்தது. 2025ல் மத்திய அரசு, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை இல்லை என்றது. நல்லதுதான். ஆனால் தண்டனை இல்லை என்பது வேறு, குடிமகன் என்பது வேறு.

இதில் வேதனை என்னவென்றால், முகாம்களில் இருப்பவர்களில் ஒரு பகுதியினர் அந்த மலையகத் தமிழர்களே. கலவரத்துக்குப் பயந்து வடக்கே வவுனியாப் பக்கம் போய், பிறகு படகில் இங்கே வந்தவர்கள். கப்பலில் அட்டையோடு வந்தவன் இந்தியன், படகில் வந்தவன் அகதி. இரண்டு பேருக்கும் பூட்டன் ஒரே ஊர்க்காரனாக இருந்திருப்பான். திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த இப்படிப்பட்டவர்கள் போட்ட வழக்கில் 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அவர்கள் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம், அரசு பரிசீலிக்க வேண்டும் என்றது. 2024 தேர்தலில் கொட்டப்பட்டு முகாமிலிருந்து ஒரு பெண், மண்டபத்தில் பிறந்ததற்கான அத்தாட்சியைக் காட்டி முதல் முறையாக ஓட்டு போட்டார். எத்தனையோ ஆயிரம் பேரில் ஒருவர்.

மறுபடி அந்த அம்மாவிடம் வருகிறேன். 1977 தேர்தலில் எனக்கு வாக்குச்சாவடி வேலை. போட்ட இடம், தற்செயலாக, அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடம். மத்தியானம் வரிசையில் அந்த அம்மா வந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டு கும்பிட்டது. விரலில் மை வைக்கும்போது, "சேனநாயக்கா எலெக்சன்ல ஒருக்கா போட்டேங்க. அப்புறம் இப்பத்தான்" என்றது. அப்புறம், "இதையும் பிடுங்கிக்கிட மாட்டாங்களே, கணக்கப்பிள்ளை ஐயா?" என்று கேட்டது.

1947க்கும் 1977க்கும் நடுவில் முப்பது வருஷம். அதற்குள் கொழும்பில் எத்தனை பேர் எத்தனை முறை பக்கம் மாறி உட்கார்ந்தார்கள் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது.

"மாட்டாங்கம்மா, போய்ப் போடுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல? சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனது. வெளியே வர வெகுநேரம் ஆனது. வரிசையில் யாரோ சத்தம் போட்டார்கள். நான் அவசரப்படுத்தவில்லை.